எச்சில் கையின் கோணம்

பசிக்கவில்லை, இது பசி இல்லை, பக்கத்துக் கட்டிலில் செல்லாயி அக்கா இட்லியைச் சாம்பாரில் போட்டுப் பிசைகிறாள், அந்தச் சத்தம், அவ்வளவுதான், ஒரு சத்தத்துக்கெல்லாம் வயிறு பதில் சொல்ல வேண்டிய அவசியமில்லை. நேற்று ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட இறங்கவில்லை. வாயில் எதுவும் போடக் கூடாது என்று கட்டில் தலைமாட்டில் அட்டை மாட்டியிருக்கிறார்கள், கடிக்கிற நாய் இருக்கிற வீட்டு கேட்டில் மாட்டுகிற மாதிரி. கையில்தானே ஆபரேஷன், வயிறு எதற்குக் காலியாக இருக்க வேண்டும் என்று நேற்று மயக்க மருந்து டாக்டரிடம் கேட்டேன். கையை மட்டும் மரக்கவைக்கிற ஊசிதான் போடுவோம், அது சரியாகப் பிடிக்காவிட்டால் முழு மயக்கம் கொடுக்க வேண்டி வரும், அப்போது வயிற்றில் எதுவும் இருந்தால் மேலே ஏறி மூச்சுக்குழாயில் இறங்கிவிடும் என்றார். நியாயமான பதில். நியாயமான பதில்களைப் போல எரிச்சலூட்டுவது வேறொன்றும் இல்லை, திருப்பிக் கேட்க எதையும் மிச்சம் வைக்காமல் கதவைச் சாத்திக்கொண்டு போய்விடுகின்றன. “ஏ புள்ள, என் தட்டையே என்ன பாத்துக்கிட்டு இருக்க, கண்ணு பட்டுச் செமிக்காமப் போயிரும்,” என்கிறாள் செல்லாயி அக்கா. முசிறிப் பக்கம் வாழைத் தோட்டக்காரி. போன வாரம் இடது முழங்காலை மாற்றிவைத்தார்கள், இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு வராந்தா முழுக்கப் போய் வந்து வார்டுக்கே செய்தி வாசிக்கிறாள். “கைக்குத்தானே உனக்கு? வாயில போட்டா கைக்கா எறங்கிரும்?” நான் டாக்டரிடம் கேட்ட அதே கேள்வி, என்னைவிட நன்றாகக் கேட்கிறாள். “எனக்குத் தேஞ்ச மூட்ட எடுத்துட்டு இரும்பு மூட்டு வெச்சாங்க. உனக்கு மூட்டே வேணாம்னு எடுக்கறாங்களாமே, அது என்ன வைத்தியம்?” அது என்ன வைத்தியம் என்று நானும் ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். இன்றைக்கு என் வலது மணிக்கட்டைப் பூட்டப் போகிறார்கள். பூட்டுவது என்பது டாக்டர் சிவப்பிரகாசம் சொன்ன வார்த்தை. அழற்சி அரித்துத் தின்றதுபோக மிச்சமிருக்கிற குருத்தெலும்பைச் சுரண்டி எடுத்துவிட்டு, முன்கை எலும்பையும் கை எலும்புகளையும் முட்டவைத்து, மேலே ஓர் உலோகத் தகட்டை வைத்துத் திருகாணி போட்டு முடுக்குவார்கள். சில மாதத்தில் எலும்போடு எலும்பு ஒட்டி ஒன்றாகிவிடும். அப்புறம் அங்கே மூட்டு என்று ஒன்று கிடையாது. மூட்டு இல்லாவிட்டால் மூட்டுவலி கிடையாது. இதுவும் நியாயமான பதில்தான்.

எட்டு வருஷமாக இந்த நோயோடு சண்டை. சண்டை என்று நான் சொல்வேன், அது அப்படி நினைத்திருக்காது, அதன் பாட்டுக்குத் தின்றுகொண்டிருந்தது. பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் பரீட்சையில், மேப்பில் நதிகளுக்கு நீலம் தீட்டிக்கொண்டிருந்தபோது விரல் வீங்கிப் பென்சில் நழுவியது. குனிந்து எடுக்கிறேன், மறுபடி நழுவுகிறது, அறைக் கண்காணிப்பாளர் பக்கத்தில் வந்து நின்று, நான் கீழே குனிந்து யார் பேப்பரைப் பார்க்கிறேன் என்று பார்த்தார். அப்போது ஆரம்பித்த கோபம். முடக்குவாதம் என்று பெயர் சொன்னதும் பொன்மலை ரயில்வே குடியிருப்பு முழுவதும் ஒரே பாட்டு, இந்த வயசுலயா, இந்த வயசுலயா. எந்த வயதில் வந்தால் உங்களுக்குச் சம்மதம் என்று ஒரு அத்தையைக் கேட்டேன், அம்மா என்னைக் கிள்ளினாள். அப்புறம் அந்த ஜோக். வாய் திறந்தா வாதம், உடம்பெல்லாம் வாதம் என்று. அதைச் சொல்லாத சொந்தக்காரர் கிடையாது, ஒவ்வொருவரும் தாங்களே இப்போதுதான் கண்டுபிடித்த மாதிரி சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள், சிரிப்பேனா என்று. பத்தொன்பது வயதில் முதல் ஆபரேஷன். மூட்டுக்குள் இருக்கிற உறைதான் வீங்கிப் புளித்த மாவு மாதிரி பொங்கி எலும்பைத் தின்கிறது, அதைச் சுரண்டி எடுத்துவிட்டால் கொஞ்ச காலம் தாங்கும் என்றார்கள். எடுத்தார்கள். தாங்கியது, மூன்று வருஷம், அதில் சென்னையில் எம்.எஸ்ஸி. புள்ளியியல் சேர்ந்தேன், பஸ்ஸில் கம்பியைப் பிடித்தேன், எல்லோரையும் போல. அப்புறம் ஒரு காலையில் டூத்பேஸ்ட் மூடியைத் திறக்க முடியவில்லை. எக்ஸ்ரேயில் மணிக்கட்டுக்குள் இருக்க வேண்டிய சின்னச் சின்னக் கூழாங்கல் எலும்புகளுக்கு நடுவே கறுப்புக் கோடு இருக்க வேண்டும், அதுதான் இடைவெளி, அதுதான் மூட்டு, அந்தக் கோடுகள் இல்லை. செயற்கை மூட்டு ஏன் வைக்கக் கூடாது, முழங்காலுக்கு வைக்கிறீர்களே என்று கேட்டேன். ஆய்வுக் கட்டுரைகளை அச்செடுத்துக்கொண்டு போய்க் கேட்டேன். டாக்டர் சிவப்பிரகாசம் அவற்றைப் புரட்டிப் பார்த்தார், அதற்காக அவரை மன்னிக்கலாம், மற்றவர்கள் அதைக்கூடச் செய்ததில்லை. “மணிக்கட்டு முழங்கால் மாதிரி இல்லம்மா. உனக்கு இருபத்து மூணு. இன்னும் அம்பது வருஷம் இந்தக் கை எழுதணும், தூக்கணும். செயற்கை மூட்டு அவ்வளவு காலம் நிக்காது, லூஸாயிடும், திரும்பத் திரும்பத் திறக்கணும். பூட்டினா ஒரே தடவை.” ஒரே தடவை. ஒட்டின பிறகு பிரிக்க முடியாது. எந்தக் கோணத்தில் வைத்து முடுக்குகிறாரோ, அந்தக் கோணத்தில் சாகும் வரைக்கும். புத்தகத்தில் சொல்லியிருக்கிற கோணம் புறங்கைப் பக்கம் லேசாக, பத்துப் பதினைந்து டிகிரி சாய்ந்தது, அதில்தான் பிடி பலமாக இருக்கும், தகடே அந்த வளைவோடுதான் வருகிறது. யார் சொன்னது, எந்தக் கைகளை அளந்து சொன்னது என்று கேட்டேன். அவர் சிரித்தார். “நீயே அளந்து பாரேன்,” என்றார். அதே கோணத்தில் மணிக்கட்டை அசையாமல் பிடித்துக்கொள்கிற மாதிரி, கெட்டிப் பிளாஸ்டிக்கில் ஒரு ஸ்ப்ளின்ட் செய்து தரச் சொன்னார். “பதினஞ்சு நாள் மாட்டிக்க. குளிக்கிற நேரம் தவிர கழட்டாத. பூட்டின கை எப்படி இருக்கும்னு இது காட்டும். என்னென்ன முடியலையோ வந்து சொல்லு, அதுக்குத் தக்கபடி கோணத்த மாத்திக்கலாம்.” எவ்வளவு பெரிய மரியாதை அது. என்னைக் கேட்டு என் எலும்பை வைக்கிறேன் என்கிறார். அந்த மரியாதைக்கு நான் செய்தது என்ன, எல்லாம் முடிகிறது என்று நிரூபிக்கக் கிளம்பினேன். ஸ்ப்ளின்டோடு பரீட்சை எழுதினேன், லேப்டாப் தட்டினேன், மின்சார ரயில் ஏறினேன், துணி துவைத்தேன், ஹாஸ்டல் பெண்கள் மூக்கின்மேல் விரல் வைத்தார்கள். திரும்பி வந்து, ஒன்றுமே விட்டுப்போகவில்லை டாக்டர் என்று, கேஸ் ஜெயித்த வக்கீல் மாதிரி சொன்னேன். அவரும் சரி, அப்ப புத்தகக் கோணமே என்று எழுதிக்கொண்டார்.

டிராலி சத்தம். எனக்கில்லை. எனக்கு முன்னால் ஒரு தோள்பட்டை, அதை முடித்துவிட்டுத்தான் கூப்பிடுவார்கள். அம்மா ஜெபமாலையை மடியில் வைத்துவிட்டு என் பையைத் திறந்து எல்லாவற்றையும் வெளியே எடுத்து மறுபடி அடுக்குகிறாள், இது மூன்றாவது தடவையா நான்காவதா. அவளுக்குக் கை சும்மா இருக்கக் கூடாது, எனக்கு வாய் சும்மா இருக்கக் கூடாது, குடும்பத்தில் ஆளுக்கு ஒன்று. ஸ்ப்ளின்டை எடுத்துத் துடைக்கிறாள், துடைக்க அதில் ஒன்றுமில்லை. “பாத்தீங்களாக்கா,” என்று செல்லாயி அக்காவிடம் நீட்டுகிறாள், “பதினஞ்சு நாளு ஹாஸ்டல்ல போட்டுக்கிட்டுக் கெடந்த பெல்ட்டு மாதிரியா இருக்கு இது? ஒரு பருக்கை ஒட்டல, ஒரு மஞ்சக் கறை இல்ல. கடையில வாங்கின மாதிரி வெச்சிருக்கா.” செல்லாயி அக்கா வாயில் இட்லியோடு தலையசைக்கிறாள். “பொண்ணுன்னா இப்படித்தான் இருக்கணும்,” என்கிறாள் அம்மா. எனக்கு உடனே சுர்ரென்று ஏறுகிறது, பையன் என்றால் கறை பண்ணலாமா, சுத்தத்துக்கும் பெண்ணுக்கும் என்ன ஒப்பந்தம், யார் கையெழுத்துப் போட்டது என்று தொடங்கவேண்டும், வாய் வரைக்கும் வந்துவிட்டது, ஆனால் அம்மா இன்றைக்குப் பாவம், காலையிலிருந்து எனக்காக அவளும் காபிகூடக் குடிக்கவில்லை, ஆகவே விழுங்குகிறேன், விழுங்குவதற்கு அனுமதி உள்ள ஒரே பொருள் இதுதான். பொண்ணுன்னா. மேலே மின்விசிறி டக்கு டக்கென்று ஆடுகிறது. பொண்ணுன்னா இப்படித்தான். நாளைக்கு இதையே மாப்பிள்ளை வீட்டிலும் சொல்வாள், கையை மறைத்துவைத்துவிட்டுப் பெல்ட்டைக் காட்டுவாள். பருக்கை ஒட்டல. சாம்பார் வாசனை. ஜன்னலுக்கு வெளியே ஆம்புலன்ஸ் பின்பக்கமாக வருகிறது, பீப் பீப். ஒரு பருக்கைகூட ஒட்டவில்லை. ஒட்டாதா? பதினைந்து நாள் ஹாஸ்டல் மெஸ், குழம்பு, ரசம், வெள்ளிக்கிழமை சாம்பார் சாதம், ஸ்ப்ளின்ட் உள்ளங்கையின் பாதி வரைக்கும் வருகிறது, ஒரு சொட்டுக்கூடத் தெறிக்கவில்லையா? தெறிக்காது. எப்படித் தெறிக்கும். ஒவ்வொரு வேளையும் மெஸ்ஸில் உட்கார்ந்ததும் முதல் வேலையாக ஒட்டுப்பட்டையைக் கிர்ரென்று பிரித்துக் கழற்றி இடது பக்கம் வைத்துவிட்டுத்தானே தட்டில் கை வைத்தேன். அதைக் கழற்றியதாகக்கூட நான் நினைக்கவில்லை. கைக்கடிகாரத்தைக் கழற்றுகிறோம், முழுக்கைச் சட்டையைச் சுருட்டிவிடுகிறோம், அதை யாராவது கணக்கில் எடுப்பார்களா. எச்சில் கையோடு அதை எப்படித் தொடுவது, கழுவினால் உள்ளே பஞ்சு ஊறிவிடும், நாறும். குளிக்கிற நேரம் தவிரக் கழற்றாதே என்றார், சாப்பிடுகிற நேரம் தவிர என்று என் கை தானாகச் சேர்த்துக்கொண்டது. மணிக்கட்டை மடக்கி மடக்கி, ஒவ்வொரு கவளத்துக்கும் உள்ளே கண்ணாடித்தூள் அரைபடுகிற மாதிரி வலித்துக்கொண்டே சாப்பிட்டேன், சாப்பிட்டுக் கை கழுவித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, ஒன்றுமே விட்டுப்போகவில்லை டாக்டர். தராசில் வைக்காத பொருளுக்கு எடை பூஜ்யம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். நான். கணக்கெடுப்பில் யாரை விட்டார்கள், ஏன் விட்டார்கள் என்று வகுப்பில் எழுந்து நின்று பேராசிரியர்களை வியர்க்கவைக்கிற நான். சோற்றை விட்டுவிட்டேன்.

“அம்மா, அதக் குடு.” “எதுடி?” “ஸ்ப்ளின்ட்ட.” “எதுக்கு இப்ப, கைய சுத்தம் பண்ணி விட்டிருக்காங்க.” “குடுன்னா குடேன்மா.” மாட்டிக்கொள்கிறேன். ஐந்து விரலையும் குவிக்கிறேன், இல்லாத சோற்றைப் போர்வையிலிருந்து எடுக்கிறேன், வாய்க்குக் கொண்டுபோகிறேன். போகவில்லை. புறங்கைப் பக்கம் சாய்ந்த கை வாயை விட்டு விலகிப் போகிறது, விரல் நுனி மோவாயில் இடிக்கிறது. முழங்கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கிப் பார்க்கிறேன். சொந்த வாயில் குத்துவிட வருகிற மாதிரி இருக்கிறது, பக்கத்தில் யாராவது உட்கார்ந்திருந்தால் அவர்கள் விலாவில் இடிக்கும். இன்னொரு தரம். கழுத்தை முன்னால் நீட்டி, ஆமை மாதிரி. நெற்றி வரைக்கும் கை போகிறது, வாய்க்கு மட்டும் வரவில்லை. அம்மாவின் முகம் மலர்கிறது. “சிலுவ போட்டுக்கிறியா செலினு? போட்டுக்க, நல்லா வேண்டிக்க, ஆரோக்கியமாதா பாத்துப்பா,” என்கிறாள், வருஷக்கணக்கில் நான் கோயிலில் பிடிவாதமாகக் கை கட்டி நின்றதற்கு இன்றைக்கு விடிவு வந்துவிட்டதாக நினைக்கிறாள். “சிலுவையா அது?” என்கிறாள் செல்லாயி அக்கா, “சோறு திங்குற கைம்மா அது. பசி முத்திப் போச்சு உம் மகளுக்கு, காத்தப் பெசஞ்சு திங்கிறா.” வார்டில் நாலு பேர் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். “அம்மா, டாக்டரப் பாக்கணும், உடனே.” சிஸ்டர் கலைவாணி வருகிறாள், அவர் தியேட்டருக்குள்ளே இருக்கிறார், என்ன விஷயம், பயமா, எல்லோருக்கும் இருக்கும் என்கிறாள். பயம் இல்லை சிஸ்டர், கோணம். “என்ன கோணம்?” எப்படிச் சொல்வது. என்னால் சாப்பிட முடியாது. “சாப்பிடத்தான் கூடாதே,” என்கிறாள், பிபி பட்டையை என் இடது கையில் சுற்றுகிறாள், காற்றடிக்கிறாள், போகிறாள். சரி, ஸ்பூன். ஸ்பூனால் சாப்பிட்டால் போகிறது, பாதி உலகம் ஸ்பூனால்தான் சாப்பிடுகிறது, இதற்குப் போய் அம்பது வருஷத்துப் பிடிபலத்தை விடுவதா. கையால் சாப்பிடுவது நம் பண்பாடு என்று யாராவது மேடையில் தொடங்கினால் நானே முதல் ஆளாக எழுந்து எதிர்ப்பேன், அந்த வாதத்தை எனக்காக நானே எடுக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. அந்தக் கோணத்தை வகுத்தவர்கள் முள்கரண்டிக்காரர்கள் என்று டாக்டரிடம் சண்டை போடலாம். ஆனால் முள்கரண்டிக்காரர்களா கழற்றச் சொன்னார்கள், கழற்றியது என் கை. பண்பாடு வேண்டாம். மீன் முள். அதைச் சொல்லு. வெள்ளிக்கிழமை அம்மா வைக்கிற கெளுத்திக் குழம்பில் சோற்றுக்குள் மறைந்திருக்கிற முள்ளை ஸ்பூனுக்குத் தெரியுமா, விரலுக்குத்தான் தெரியும், விரல் நிற்கும், வாய் காத்திருக்கும். சூடு தெரியும். எவ்வளவு பிசைந்தால் எனக்குப் பிடிக்கும் என்று தெரியும். இல்லை, இதுவும் இல்லை, மீனை விட்டுவிடலாம், மீனுக்காக யாரும் எலும்பை வைக்கச் சொல்ல மாட்டார்கள், நான் சுற்றிச் சுற்றி வருகிறேன், எதைத் தொடாமல் சுற்றுகிறேன் என்று எனக்குத் தெரியும். பத்தொன்பது வயது. முதல் ஆபரேஷன் முடிந்து கட்டுப்போட்ட கை, இடது கையிலும் வீக்கம், ஸ்பூனைக்கூடப் பிடிக்க முடியாத மாதங்கள். அம்மா ஊட்டிவிட்டாள். ஆ காட்டு, ஆ காட்டு. என் வாய்க்கு எது வேண்டும் என்று அவள் கை முடிவு பண்ணும், கீரையா, உருளைக்கிழங்கா, எவ்வளவு, எப்போது. நான் ஏதாவது எதிர்த்துப் பேச வாய் திறந்தால் அதில் ஒரு கவளம் வந்து விழும். பேச்சு நின்றுவிடும். அம்மாவுக்கு அது அன்பு, எனக்குத் தெரியும், சாப்பிடாமல் கிடக்கிறாள் எனக்காக, ஆனால் அந்த மாதங்களில் ஒருநாள், கவளத்தை வாயில் வைத்துக்கொண்டு மெல்லாமல் அழுதேன், காரமா என்று கேட்டாள், ஆமாம் என்றேன். இந்த நோய் இடது மணிக்கட்டுக்கும் வரும். வந்துகொண்டிருக்கிறது, காலையில் அது மடங்க ஒரு மணி நேரம் ஆகிறது. விரல்களுக்கும் வரும். ஸ்பூன் நழுவுகிற நாள் வரும். அன்றைக்கு, ஐந்து விரல் குவிந்து ஒரு பிடி சோற்றை எடுத்துத் தானாக வாய்க்கு வருகிற கை மிச்சம் இருக்குமா இருக்காதா, இதுதான் கேள்வி, இது ஒன்றுதான், அதற்கான பதில் இன்னும் கொஞ்ச நேரத்தில் திருகாணி போட்டு முடுக்கப்படப் போகிறது, நான் கொடுத்த தப்பான பதிலின் பேரில்.

டிராலி. இந்தத் தடவை எனக்கு. ஸ்ப்ளின்டைக் கழற்றி அம்மாவிடம் கொடுக்கச் சொல்கிறார்கள், தர மாட்டேன் என்கிறேன், சிஸ்டர் பிடுங்கிக்கொள்கிறாள். “தைரியமா இரு,” என்று அம்மா நெற்றியில் சிலுவை போடுகிறாள். அவள் விரலில் சோப்பு வாசனை, என் ஸ்ப்ளின்டைத் துடைத்த ஈரம். “ஏ புள்ள, வந்ததும் ரெண்டு இட்லி எடுத்து வெக்கறேன், என் வீட்டு மொளகாப் பொடி,” என்று செல்லாயி அக்கா பின்னாலிருந்து கத்துகிறாள். மேலே டியூப் லைட்டுகள் ஓடுகின்றன. லிஃப்ட் மெதுவாக இறங்குகிறது. ஊசி போட்ட பிறகு கை என்னுடையதாக இருக்காது, அதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும், அவர் கையைக் கழுவிவிட்டால் என்னைத் தொட மாட்டார், முகமூடிக்குள்ளிருந்து ம் ம் என்று மட்டும் சொல்வார், அதற்கும் முன்னால். தியேட்டருக்கு வெளியே ஒரு சின்ன அறையில் நிறுத்துகிறார்கள், குளிர், ஸ்பிரிட் வாசனை, பச்சைத் துணி போர்த்திய தட்டுகள். மயக்க மருந்து டாக்டர் என் கழுத்துப் பக்கம் பஞ்சால் துடைக்க வருகிறார், கையை மரக்கவைக்கிற ஊசியை அங்கேதான் போடுவார்களாம். வேண்டாம், முதலில் சிவப்பிரகாசம் சாரைக் கூப்பிடுங்கள். “அவர் வருவாரும்மா, ஊசி பிடிக்க நேரமாகும், அதுக்குள்ள போட்டுடலாம்.” நான் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். கழுத்தை இரண்டு கையாலும் மூடிக்கொள்கிறேன், திருடன் வந்த வீட்டில் சங்கிலியைப் பொத்திக்கொள்கிற மாதிரி. சத்தம் கேட்டு அவரே வருகிறார், பச்சைத் தொப்பி, முகமூடி கழுத்தில் தொங்குகிறது. “என்ன செலின், கடைசி நிமிஷத்துல இன்னொரு ரவுண்டு வாதமா?” சிரிக்கிறார். எனக்குத் தயாராக இருந்த வாக்கியங்கள் எல்லாம் போய்விட்டன, முள்கரண்டி, மாதிரிக் கணக்கெடுப்பு, எல்லாம். “இல்ல சார். நான் சொன்னது தப்பு.” இந்த ஐந்து சொல்லை இதற்கு முன் எப்போதாவது அடுத்தடுத்து வைத்திருக்கிறேனா, தெரியவில்லை. “எது தப்பு?” “எல்லாம் முடியுதுன்னு சொன்னது. சாப்பிடும்போது கழட்டிட்டேன்.” “என்னிக்கு?” “தினமும். எல்லா வேளையும்.” அவர் புருவம் சுருங்குகிறது. “ஏம்மா, கழட்டாதன்னு சொன்னேனே?” “எச்சில் கை சார்,” என்கிறேன். அவ்வளவுதான் வருகிறது.

அவர் என்னைத் திட்டுவார் என்று இருந்தேன். தன் வலது கையைப் பார்த்துக்கொள்கிறார். குவித்துப் பார்க்கிறார், விரிக்கிறார். “நானா இருந்தாலும் கழட்டியிருப்பேன்,” என்கிறார் மெதுவாக. “எனக்கும் கேக்கத் தோணல பாரு.” மயக்க மருந்து டாக்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறார். “இப்ப என்ன சார், தள்ளி வெக்கலாமா?” “வேணாம், வேணாம்,” என்கிறேன் நான், தள்ளிவைத்தால் வலி தள்ளிப்போகாது. சிவப்பிரகாசம் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு என் எதிரே உட்காருகிறார், இதுவரைக்கும் அவர் என் எதிரே உட்கார்ந்ததில்லை, மேஜை நடுவில் இருக்கும். “வளைவில்லாத தகடும் செட்டுல இருக்கு. அத வெச்சா கை முன்கையோட ஒரே நேரா நிக்கும். வாய்க்குக் கிட்ட வரும். ஆனா பிடி கொஞ்சம் குறையும்மா. பஸ் கம்பி, கனமான பை, போர்டுல எழுதறது, அதெல்லாம் கொஞ்சம் குறையும். எவ்வளவுன்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது. உள்ள போயிட்டா மரத்த கைய வெச்சு உன்னக் கேக்க முடியாது. வெளிய வந்து மாத்த முடியாது.” பஸ் கம்பி. எட்டு வருஷம் சண்டை போட்டு வாங்கின பஸ் கம்பி. கரும்பலகையில், என்றைக்காவது நான் நடத்தப்போகிற வகுப்பில், கை தளர்ந்து சாக்பீஸ் கீறிக்கொண்டு நழுவுகிறது, முதல் பெஞ்சில் எவனோ சிரிக்கிறான். நழுவட்டும், குனிந்து எடுப்பேன், பென்சிலை எடுத்த மாதிரி. இல்லை, அவ்வளவு சுலபமாகச் சொல்லாதே, ஜெயிப்பதற்காகச் சொல்லாதே, போன தடவை அப்படித்தான். “காட்டுங்க சார்,” என்கிறேன். அவர் தன் இரண்டு கையாலும் என் வலது மணிக்கட்டை மேலும் கீழுமாகப் பிடிக்கிறார், தகடு மாதிரி, கதகதப்பான தகடு. முதலில் புத்தகக் கோணம். சோறு எடுக்கிறேன். மோவாய். “இப்ப நேர்.” வலிக்கிறது, பல்லைக் கடிக்கிறேன், அவர் நேராக்கி இறுக்கிப் பிடிக்கிறார். விரலைக் குவிக்கிறேன். பச்சைத் துணியிலிருந்து ஒரு பிடி எடுக்கிறேன், சோறு, கெளுத்திக் குழம்பு, விரல் முள்ளைத் தேடிப் பார்த்துவிட்டு எழும்புகிறது, அவருடைய இரண்டு கையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு மேலே வருகிறது. வாய் வரைக்கும் வந்து ஒரு விரற்கடைக்கு முன்னால் நின்றுவிடுகிறது. பழைய மாதிரி இல்லை. அந்த ஒரு விரற்கடைக்கு நான்தான் தலையைக் குனிய வேண்டியிருக்கிறது. குனிகிறேன். என் சோற்றுக்கு நான் குனிகிறேன், இன்னொருவர் கைக்கு ஆ காட்டவில்லை. விரல் நுனி உதட்டில் படுகிறது. ஸ்பிரிட் கசக்கிறது. “போதுமா?” என்கிறார். தலை குனிந்தபடியே இருக்கிறேன், விரல் உதட்டில், ம் என்கிறேன். அவர் கையை எடுக்கவில்லை. “ஒரு வாய்ல முடிவு பண்ணாத,” என்கிறார். “இன்னொரு வாய் சாப்பிடு.” சாப்பிடுகிறேன். மென்று விழுங்குகிறேன், காலையிலிருந்து முதல் தடவையாக. “நேர்த் தகடு சார்,” என்கிறேன், கழுத்திலேயே இருந்த இடது கையை எடுக்கிறேன்.